பெர்லினுக்கு ஒரு நாள், உத்தப்புரத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1987 ஜூன் 12-ல் பெர்லினில் பிராண்டன்பர்க் வாயில் முன்பு அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் ஆற்றிய உரையை நினைவுகூர்ந்து தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 'கோர்பச்சேவ் அவர்களே, இந்தச் சுவரை இடித்துத் தள்ளுங்கள்' என்று சோவியத் தலைவரைப் பார்த்து அவர் சொன்ன வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். நல்லது. ஆனால் அந்த ஒரு வரியிலேயே பெர்லின் சுவர் ஆட்டம் கண்டுவிட்டது என்கிற தோரணையில் கட்டுரை போனது. அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். இப்போது என் மகன் அங்கே ஜெராக்ஸ் எடுக்கிறான். கிழக்கு ஜெர்மனியைப் பேப்பரில் படிப்பதற்கு முன்பே என் இருட்டறையில் பார்த்துவிட்டேன். ஓர்வோ என்.பி. 22 என்ற கறுப்பு வெள்ளை பிலிம் அங்கிருந்துதான் வரும். கோடாக்கைவிட விலை குறைவு. துறைமுகத் தொழிலாளி அடையாள அட்டைக்கு எடுத்துக்கொள்ளும் படத்துக்கும், எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுத்த கையோடு வந்து நிற்கும் ஜோடிக்கும் அதுவே தாராளம். தொல்லையெல்லாம் கத்திரி வெயிலில்தான். டெவலப்பர் சூடேறினால் பிலிமின் மேல்பூச்சு ஓரத்தில் சுருங்கிக் கழன்றுவிடும். காசிமேட்டிலிருந்து மீனுக்குப் போகும் ஐஸில் ஒரு துண்டு வாங்கிவந்து, அதன்மேல் ட்ரேயை வைத்துத்தான் கழுவுவோம். பொண்ணு போட்டோவில் கவிச்சி அடிக்குது என்று உதவிக்கு இருந்த பையன் கிண்டல் செய்வான்.

அதே அலமாரியில் அக்ஃபா பெட்டிகளும் இருக்கும். இரண்டும் ஒரே வீட்டுச் சொத்து என்பது பின்னால்தான் தெரிந்தது. அக்ஃபா கம்பெனியின் பெரிய பிலிம் தொழிற்சாலை வோல்ஃபன் என்ற ஊரில் இருந்தது. போர் முடிந்தபோது அந்த ஊர் சோவியத் பக்கம் போய்விட்டது. மேற்கே லெவர்குசனில் இருந்தவர்களும் அக்ஃபா, கிழக்கே வோல்ஃபனில் இருந்தவர்களும் அக்ஃபா என்று கொஞ்ச காலம் ஓடியது. 1964-ல்தான் கிழக்குக்காரர்கள் ஓர்வோ என்று தனிப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பழக்கத்தில்தான் பெர்லின் சுவர் பற்றி எது வந்தாலும் வெட்டி வைத்துக்கொள்வேன். தங்கள் ஜனம் மேற்கே தப்பி ஓடாதபடி, கிழக்கு ஜெர்மனி ஆட்சியாளர்கள் 1961 ஆகஸ்ட் 13 அதிகாலையில் முதலில் முள்வேலி போட்டார்கள். பிறகு அதையே கான்கிரீட் சுவராக்கி, கிழக்கு ஜெர்மனிக்கு நடுவே இருந்த மேற்கு பெர்லினைச் சுற்றி சுமார் 155 கிலோமீட்டர் வளைத்துவிட்டார்கள். வேலி போட்ட மூன்றாம் நாள், காவலுக்கு நின்ற 19 வயதுச் சிப்பாய் ஒருவரே அதைத் தாண்டிக் குதித்தார். துப்பாக்கி தோளிலிருந்து நழுவ, அந்தரத்தில் காலை அகட்டி அவர் பறக்கும் படத்தைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். அதை எடுத்த கேமரா கிழக்கு ஜெர்மனியில் செய்த எக்ஸாக்டா. அடுத்த ஆண்டு பீட்டர் ஃபெக்டர் என்ற 18 வயதுப் பையன் சுவரில் ஏறும்போது சுடப்பட்டான். ஒரு மணி நேரம் போல அங்கேயே ரத்தம் ஒழுகக் கிடந்து செத்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள், யாரும் நெருங்கவில்லை. சுவரை ஒட்டி இப்படிச் செத்தவர்கள் குறைந்தது 140 பேர்.

இனி ரீகன் விஷயம். அந்த வரி அவருடைய மூளையில் உதித்தது என்று நினைத்துவிட வேண்டாம். உரையை எழுதித் தந்தவர் பீட்டர் ராபின்சன். முன்கூட்டியே பெர்லினுக்குப் போயிருந்த அவர் ஒரு வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். சுவரெல்லாம் பழகிவிட்டதா என்று கேட்டதும் அந்த வீட்டு அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். ஒரு கை முஷ்டியால் மறு உள்ளங்கையில் குத்தி, கோர்பச்சேவ் பேசுவதெல்லாம் உண்மையென்றால் இந்தச் சுவரை எடுத்துக் காட்டட்டும் என்றிருக்கிறார். இதை ராபின்சனே எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரிகள் அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கடைசிவரை மல்லுக்கு நின்றார்கள். ரீகன் விடவில்லை. அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான், நான் மறுக்கவில்லை.

அவர் பேசுவதற்குச் சில நாள் முன்பு, அதே ஜூன் மாதத்தில், மேற்குப் பக்கம் சுவரை ஒட்டி ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி உள்ளிட்டோரின் பாட்டுக் கச்சேரி நடந்தது. காற்றில் வரும் பாட்டைக் கேட்கக் கிழக்குப் பக்கம் கூடிய இளைஞர்கள் 'சுவர் ஒழிக' என்று கத்தினார்கள். போலீஸ் அடித்து இழுத்துக்கொண்டு போனது. ரீகன் பேசியபோது முதுகுக்குப் பின்னால் குண்டு துளைக்காத கண்ணாடி இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு என்ன இருந்தது?

பேச்சு முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் சுவர் அப்படியேதான் நின்றது. 1989 அக்டோபர் 9-ல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தெருவில் 70,000 பேர் இறங்கினார்கள். சுட்டுத் தள்ளுவார்களோ என்ற பயத்தோடுதான் போனார்கள், சுடவில்லை. நவம்பர் 9 இரவு பயண விதிகளைத் தளர்த்துவதாக அறிவித்த கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஒருவர், எப்போதிலிருந்து என்று நிருபர் கேட்டதும் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்து, 'உடனே' என்று உளறிவிட்டார். கேட்ட ஜனம் சோதனைச் சாவடிகளை மொய்த்துவிட்டது. பார்ன்ஹோல்மர் தெருச் சாவடி அதிகாரி ஹரால்ட் யேகர் மேலிடத்துக்குப் போன் மேல் போன் போட்டும் தெளிவான உத்தரவு வரவில்லை. இரவு பதினொன்றரை மணி வாக்கில் தானே கேட்டைத் திறந்துவிடச் சொன்னார். வருஷா வருஷம் ரீகனை நினைக்கிறோமே, இந்த மனுஷனை எத்தனை பேருக்குத் தெரியும்?

சுவர் விழுந்ததில் எல்லாமே கொண்டாட்டம் என்றும் சொல்ல மாட்டேன். சில வருஷத்தில் வோல்ஃபன் ஆலை படுத்துவிட்டது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. மில் மூடி நடுத்தெருவுக்கு வந்தவர்களை வடசென்னையில் பார்த்திருக்கிறோம், அதனால் சொல்கிறேன்.

சுவர் எங்கள் பக்கத்துக்கும் புதிதல்ல. பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஹைதர் அலிக்கும் பயந்து, ஆங்கிலேயர்கள் தாங்கள் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்த இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் கட்டிய மதிலில் மிச்சமானது அது. கட்டிய செலவை உள்ளே குடியிருந்தவர்கள் தலையிலேயே வரியாகக் கட்டப் பார்த்தார்கள். வால்டாக்ஸ் ரோடு, அதாவது மதில் வரி ரோடு, என்று இன்றைக்கும் பஸ்ஸில் டிக்கெட் கேட்பது அந்த வகையில் வந்ததுதான். வெள்ளைக்காரர்கள் கோட்டைக்குள், நம்மவர்கள் வெளியே என்று நிறம் பார்த்துப் பிரித்துவைத்த ஊர் இது.

பெர்லினில் சுவர்மேல் ஏறி ஜனங்கள் ஆடிய படத்தை நான் ஸ்டுடியோ ஷோகேஸில் ஒட்டி வைத்திருந்தேன். அதே 1989-ல்தான் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்கள் குடியிருப்பைப் பிரித்து சுமார் 600 மீட்டருக்குச் சுவர் எழுப்பினார்கள். பெர்லின் செய்தி எங்கள் தெருவுக்கு மறுநாளே வந்துவிட்டது. உத்தப்புரம் செய்தி வந்துசேர 2008 ஆனது. சுவர் மேல் மின்கம்பி இழுத்திருந்தது தெரிந்த பிறகுதான் ஊர் உலகமே பேசியது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் போராடியதன் பேரில், 2008 மே 6-ல் அதிகாரிகள் போலீஸ் காவலோடு போய்ச் சுவரில் ஒரு பகுதியை மட்டும் இடித்துப் பாதை விட்டார்கள். முழுச் சுவரையும் எடுக்கவில்லை.

அந்த மே 6 பற்றித் தங்கள் நாளிதழில் நினைவுக் கட்டுரை வந்ததாக என் கண்ணில் படவில்லை. வரும் மே மாதம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். தலைவர்கள் பேச்சு வேண்டாம். உடைத்த இடைவெளி வழியாக முதலில் நடந்துபோனவர்கள் இன்னும் அந்த ஊரில்தான் இருப்பார்கள், நிருபரை அனுப்பிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

கட்டுரையில் ஒரு திருத்தமும் உண்டு. ரீகனுக்கு முந்தைய அமெரிக்க அதிபர்களில் ஒருவரான கென்னடியும் பிராண்டன்பர்க் வாயில் முன்புதான் பேசினார் என்று போட்டிருக்கிறீர்கள். 1963 ஜூன் 26-ல் அவர் பேசியது ஷோனபெர்க் நகர மன்றத்தின் முன்பு. வாயில் பக்கம் பார்வையிட மட்டுமே போனார். கிழக்குப் பக்கம் எதுவும் தெரியாதபடி தூண்களுக்கு நடுவே சிவப்புத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். இணையப் பதிப்பிலாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போட்டோகிராபர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.