கலைவாணர் பலகையில் விட்டுப்போன ஒரு வரி

பலகை வைத்த அதிகாரிகளுக்கு,

ஐயா, வணக்கம். நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர், நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் பலகையில் ஒரு வரி "கொலை வழக்கில் சிறை சென்றார்" என்று முடிகிறது. அடுத்த வரி நேரே 1949-க்கு, 'நல்லதம்பி' படத்துக்குத் தாவிவிடுகிறது. நடுவே "குற்றமற்றவர் என விடுதலையானார்" என்று ஒரு வரி வேண்டும். எங்கள் கோரிக்கை அவ்வளவுதான்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 1944 டிசம்பரில் கைது, மறுவருடம் ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டிலும் தோல்வி. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அது வழக்கைத் திருப்பியனுப்பிய பிறகுதான் 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நடிகர் தியாகராஜ பாகவதரோடு இவரையும் விடுவித்தது. இரண்டு வருடம் நான்கு மாதம் உள்ளே கிடந்த மனிதரை உங்கள் பலகை இன்னும் வெளியே விடவில்லை. வெளியே நின்று போராடிய அவர் மனைவி டி.ஏ.மதுரத்தின் பெயரையும் காணோம்.

இன்னொன்று. "தமிழ்நாட்டில் 1909-ல் பிறந்தார்" என்கிறீர்கள். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆரல்வாய்மொழிச் சாவடியைத் தாண்டி, சக்கரம் என்ற திருவிதாங்கூர்க் காசை எண்ணுகிற ஊரிலிருந்து அணா எண்ணுகிற ஊருக்குப் பிழைக்கப் போனவர் அவர். டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் நாடகம், 1936-ல் 'சதிலீலாவதி' படம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அவர் இறந்தது 1957 ஆகஸ்ட் 30. பத்து மாதம்கூட நிறையவில்லை.

1909 எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக்க, அதோடு ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரியிலிருந்து 825-ஐயும் கூட்ட வேண்டும். அவர் பிறந்தது 1084 கார்த்திகை. 824 கூட்டினால் 1908. கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டினால் உங்கள் பலகை. ஊரைச் சிரிக்க வைத்தவரின் பலகையைப் பார்த்து இப்போது ஊர் சிரிக்கிறது. திறப்பு விழாவுக்கு வாங்கிய மாலைகளை எண்ணிய கவனத்தில் பாதி இதற்கு வாய்த்திருக்கலாம்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளுங்கள். அந்த விடுதலை வரியைச் சேர்த்துத் தாருங்கள். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டிவிடாதீர்கள். ஆனிச் சாரலில் ஓரம் கிளம்பும், ஐப்பசி மழையில் உரிந்து தொங்கும், பழைய பிழை அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். கல்லிலோ எஃகுத் தகட்டிலோ வெட்டி எழுதுங்கள். அவர் பிறந்தநாளான நவம்பர் 29 அன்று மாலை போட வருவீர்கள். அதற்குள் முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒழுகினசேரி ரசிகர்கள் சிலர்