வளையலை உடைக்காத அம்மாவுக்கு

வயிற்றில் பிள்ளையோடு இருந்த எனக்கு, மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் உப்பி வெடித்தது உங்களுக்கெல்லாம் தெரியும். உங்களில் பலபேர் ரத்தமே கொடுத்திருக்கிறீர்கள். அந்த ராத்திரியை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. இன்றுதான் தலையணை வைத்து உட்கார முடிந்தது. தையல் இழுக்கிறது, விட்டுவிட்டு எழுதுகிறேன்.

108 வண்டியில் வந்த தம்பிகள், ‘கர்ப்பப்பை நல்லாத்தான் இருக்கு, ரத்தம் மேலேயிருந்து வருது’ என்று பார்த்ததுமே சர்ஜன்களை வரவழைத்த டாக்டரம்மா, தமனியைக் கட்டி மண்ணீரலை எடுத்தவர்கள், 14 யூனிட் ரத்தத்துக்கு விடியவிடிய ஆள் பிடித்த கல்லூரிப் பையன்கள், என் மூன்று வயது மகனைத் தன் பிள்ளைகளோடு படுக்கவைத்துக்கொண்ட எதிர்வீட்டு அக்கா... உங்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்வது நியாயமில்லைதான். பொறுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஒருவருக்கு எழுத வேண்டும்.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். இடது விலாவிலிருந்து தோள்பட்டைவரை ஏறிய வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. வாயுப்பிடிப்புதான் போல என்று நானே நம்பிவிட்டேன். உப்பிய ரத்தக்குழாய் வெடித்ததும் ரத்தம் முதலில் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் தேங்குமாம். சிறிது நேரம் எல்லாம் சரியானதுபோல இருந்து, அப்புறம்தான் வயிறு முழுக்கப் பாயுமாம். சர்ஜன் பிறகு சொன்னார். நான் அந்தச் சிறிது நேரத்தில் இருந்தேன்.

இரண்டு கையிலும் லைன் போட வேண்டும், வளையலைக் கழற்றுங்கள் என்றார் நர்ஸ். வளைகாப்பு முடிந்து ஒன்பது நாள். 21 கண்ணாடி வளையல். வீங்கிய கையில் ஒன்றும் நகரவில்லை. உடைக்கத்தான் வேண்டும் என்றதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த நீங்கள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகழுவி வந்தீர்கள். “உடைக்க வேணாம் தாயி. வயித்துப்பிள்ளை சத்தம் கேட்டுக்கிட்டுல்ல இருக்கு.” சோப்பைக் குழைத்துப் பூசி, என் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, ஒவ்வொன்றாக உருவினீர்கள். வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே. கடைசி வளையல் கழன்றதற்கு அப்புறம் எனக்கு எதுவும் நினைவில்லை. கை காலியாக இருந்ததால் ஊசிகள் சட்டென்று ஏறின என்று மயக்க மருந்து டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம்.

என் மகள் தங்கவில்லை. கர்ப்பத்தில் இந்த ரத்தக்குழாய் வெடித்தால் நூறு தாய்மாரில் 75 பேரும் நூறு குழந்தைகளில் 95 குழந்தைகளும் போய்விடும் என்பது பழைய மருத்துவப் புத்தகங்களின் கணக்காம். அந்த 25இல் நான் ஏன், அந்த 5இல் அவள் ஏன் இல்லை என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

ஆறாம் நாள் வந்தீர்கள். நேரே என்னிடம் வரவில்லை; அம்மாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், கொடுக்கலாமா வேண்டாமா என்று. நான்தான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சோப்பு நுரை காய்ந்த தடம் தெரியாமல் கழுவி, துணி கிழித்துக் கட்டியிருந்தீர்கள். “ரெண்டு மட்டும் உடைஞ்சுபோச்சு தாயி, மன்னிச்சிரு.”

எண்ணிப் பார்த்தேன். 19. மகள் கேட்ட சத்தம் அது மட்டும்தான் என் கையில் மிச்சம்.

மண்ணீரல் இல்லாததால் இனி லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்துவிடுவேன், சத்தியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பதாக என் கணவர் சொல்லியிருக்கிறார். கர்ப்பமாக இருக்கும் தங்கைகளே, விலாவில் திடீரென்று அப்படி வலித்துத் தோளுக்கு ஏறினால், அடங்கிவிட்டது என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள்.

அடுத்த வாரம் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் போட வருகிறேன். அந்த அம்மாவுக்கு இப்போது பகல் டூட்டியா, ராத்திரி டூட்டியா? வார்டில் இருக்கும் நர்ஸ் அக்காக்கள் யாராவது சொன்னால் போதும். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.