42 கிலோமீட்டரும் உடன் நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

ஜனவரி இருட்டில், அதிகாலை 4 மணிக்கு சென்னை நேப்பியர் பாலத்தருகே கிளம்பி, மாரத்தானின் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்த எங்கள் குழு உங்களுக்கு எழுதும் மடல் இது. 'ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி' என்று ஒரே வரியில் முடித்துவிட மனம் வரவில்லை. யார் செய்த எந்த வேலை எங்களைக் கரை சேர்த்தது என்பதைச் சொல்லித்தான் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் வணக்கம் தண்ணீர்ப் பந்தல்களில் நின்றவர்களுக்கு. குவளையில் பாதிக்கு மேல் நீங்கள் ஊற்றவில்லை. தளும்பத் தளும்பக் கொடுத்தால் சட்டைதான் குடிக்கும். விளிம்பை விரல்நுனியில் பிடித்து, ஓடுகிறவர் போகும் திசையிலேயே இரண்டடி நடந்து கொடுத்தீர்கள். கடைசி மேசையைத் தாண்டியும் இருவர் குவளையோடு நின்றீர்கள். நெரிசலில் தண்ணீரைத் தவறவிட்டவர் அதற்காகத் திரும்பினால் பின்னால் வருபவர்மேல் மோதுவார். அந்த இருவரால் யாரும் திரும்ப வேண்டியிருக்கவில்லை. வாழைப்பழத்தை உரித்து, பாதியாக நறுக்கி வைத்ததற்கும் நன்றி. தோல் சாலைக்கு வராததால் யாருக்கும் கால் வழுக்கவில்லை.

ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கலக்கியவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் ஒரு லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் உண்டு. அவசரத்தில் இரண்டும் மாறிப்போவது சுலபம். கரைசல் கெட்டியானால் குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுக்கும். வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். நீர்த்துப்போனால் உப்பு போதாது. பொட்டலத்தில் போட்டிருந்த அளவைப் பார்த்து, லிட்டர் குவளையால் அளந்து கலக்கினீர்கள். எனர்ஜி ஜெல் என்னும் சர்க்கரைக் கூழைச் சாப்பிடுகிறவரிடம் "இதுக்கு வெறும் தண்ணி குடிங்க" என்று குவளையை மாற்றிக் கொடுத்ததும் நீங்கள்தான். சர்க்கரைக்கு மேல் சர்க்கரை சேர்ந்தால் வயிற்றைப் புரட்டும் என்று தெரிந்து செய்தது அது.

ஐந்து மணி நேரத்தில் ஓட்டத்தை முடிக்க, கொடி பிடித்துச் சீரான வேகத்தில் முன்னால் ஓடிய பேஸர்களுக்கு: கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி என்பதை முதல் பத்து கிலோமீட்டரிலும் நீங்கள் மீறவில்லை. காமராசர் சாலையின் கடற்காற்றில் கால் தானாக வேகம் கேட்கும். அங்கே கொடுத்துவிட்டால் தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை முன்னதாகவே தீர்ந்து, 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது கால் கல்லாகிவிடும். உங்கள் கணக்கில் ஓடியவர்கள் சுமார் 6.30 மணிக்குச் சூரியன் எழும்போது சரியாகப் பாதித் தூரத்தில் இருந்தார்கள். வெயிலில் ஓட வேண்டிய மறுபாதிக்குத் தெம்பு மிச்சமிருந்தது. சென்னைக் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தலையில் தண்ணீர் ஊற்றிய குழந்தைகளும், ஈரப் பஞ்சு நீட்டிய பெரியவர்களும் எங்கள் உடம்புச் சூட்டைக் குறைத்தீர்கள்.

தெருவில் நின்று குரல் கொடுத்தவர்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 33-ஆவது கிலோமீட்டரில் 'இன்னும் கொஞ்சம்தான்' என்ற சொல் காலில் ஏறாது. அங்கே மீதி ஒன்பது கிலோமீட்டர் இருக்கிறது. "அடுத்த பந்தல் 600 மீட்டர்ல" என்று கூவினீர்களே, அது ஏறியது. 600 மீட்டரை யாராலும் ஓடிவிட முடியும்.

முடிவுக்கோட்டில் பதக்கம் மாட்டியதோடு நீங்கள் நிற்கவில்லை. "உக்காராதீங்க, நடங்க" என்று பத்து நிமிடம் கூடவே நடத்திப் போனீர்கள். ஓடும்போது கெண்டைக்கால் தசைதான் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுற்றி ஆள் சாய்வார். சாய்ந்தவர்களைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தீர்கள். பெரும்பாலானோருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மருத்துவக் கூடாரத்தில் பனிக்கட்டி நீர் நிறைந்த தொட்டி காத்திருந்தது. புத்தி தடுமாறி, உடம்பு கொதிக்க விழுகிறவரை முதலில் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் என்பதில் மருத்துவர்கள் உறுதியாக இருந்தீர்கள். தலைவலி, குமட்டல், வீங்கிய விரல்களோடு வந்தவர்களிடம் "எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று முதலில் கேட்டீர்கள். அளவுக்கு மீறிக் குடித்து இரத்தத்தில் உப்பு குறைந்தவருக்கு மேலும் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த ஒரு கேள்விக்காக உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறோம்.

பிறகு விருந்து. சமையல்காரர்களே, நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் தயாராக இருந்தும் முதலில் உப்பும் இஞ்சியும் போட்ட மோரையும், பிறகு இட்லியையும் கொடுத்தீர்கள். ஓட்டத்தில் இரத்தத்தின் பெரும்பங்கு வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் போய்விடுவதால், முடித்த உடனே எண்ணெயும் நெய்யும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. அரை மணி கழித்து வந்த பொங்கலை ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை. வலி மாத்திரை கேட்டவர்களை, சிறுநீரகம் நீரின்றி வாடியிருக்கும் நேரம் என்று சொல்லித் தடுத்த பிசியோதெரபிஸ்டுகளுக்கும், அன்றைக்கே அழுத்திப் பிடித்துவிடாமல் மெல்ல நீவிவிட்டதற்கும் நன்றி. நாலைந்து நாள் படியிறங்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொண்டோம்.

சந்திப்புகளில் மணிக்கணக்காக வண்டிகளை நிறுத்திவைத்த போக்குவரத்துக் காவலர்களுக்கும், அவற்றில் பொறுமையாகக் காத்திருந்தவர்களுக்கும் நன்றி. நாங்கள் வீசிய குவளைகளை எங்களுக்குப் பின்னாலேயே கூட்டி அள்ளிய தூய்மைப் பணியாளர்களே, இனி தொட்டியைத் தாண்டிக் குவளை விழாது என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறோம்.

அடுத்த ஜனவரியில் எங்களில் பாதிப் பேர் ஓடப்போவதில்லை. 32-ஆவது கிலோமீட்டர்ப் பந்தலை எங்களிடம் விடுங்கள்; லிட்டர் குவளையும் நறுக்கிய ஆரஞ்சும் கொண்டுவருகிறோம்.

நன்றியுடன்,
ஓடி முடித்தவர்கள்