‘எப்பா’ சொன்ன எல்லோருக்கும்

மட்டக்குளி, கொழும்பு 15

அன்புள்ளவர்களுக்கு,

மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பி இன்றோடு நாலு நாள். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற எங்கள் கேரவன் வீட்டைக் கழுவி, பலா மரத்தடியில் அதன் பழைய இடத்தில் விட்டாயிற்று. உங்கள் உதவியோடு அதற்குள் புதிதாகப் போட்ட குசினி மேசையின் நாலு மூலையையும் தட்டிப் பார்த்தேன். போகும்போது இருந்த மாதிரியேதான் வந்திருக்கிறது. புத்தளம் தாண்டியதும் லாச்சி ஒன்று திறந்து ஒரு கிலோ சீனியும் கொட்டியது உண்மை. அது லாச்சியைப் பூட்ட மறந்த என் மகளின் கைங்கரியம். உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களை ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். யார் என்ன செய்தார்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்தபோதுதான் ஒன்று புரிந்தது. நீங்கள் செய்த உதவியில் முக்கால்வாசி, “வேண்டாம்” என்று என்னைத் தடுத்ததுதான். தமிழில் “வேண்டாம்”, சிங்களத்தில் “எப்பா” என்று தடுத்தீர்கள். அந்த நேரத்தில் நான் ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்குத்தான் இந்த மடல்.

எங்கள் கேரவனைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். அது இங்கிலாந்தில், நியூமார்க்கெட்டில் செய்த ஸ்ப்ரைட். இரண்டே சில்லு, மரச்சட்டம், மேலே அலுமினியத் தகடு. ஸ்ப்ரைட்டை உருவாக்கிய சாம் ஆல்பர், 1958இல் லிட்டில் செஃப் என்ற பெயரில் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளையும் தொடங்கியவர். வண்டியைச் செய்தவனுக்கே பயணிகளின் பசியும் தெரிந்திருக்கிறது. அப்பா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தார். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது துரை ஊருக்குப் புறப்பட்டார். கொண்டுபோக முடியாத சாமான்களில் இதுவும் ஒன்று. அப்பா அதை வாங்கினார், அம்மா ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. பிறகு அதே அம்மாதான், மடுத் திருவிழாவுக்கு அதில்தான் போவேன் என்று நின்றவர்.

பழைய குசினி மேசை 1980களில் அப்பா தன் கையால் போட்டது. மேலே போமிக்கா என்கிற மெல்லிய மேல்தகடு, கீழே சிப்போர்ட். சிப்போர்ட் என்பது மரத்தூளும் பசையும்தான். யன்னல் ரப்பர் வெடித்து, மழைத் தண்ணீர் சிங்குக்குப் பின்னால் இறங்கி, பலகை தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட் மாதிரி வீங்கிவிட்டது. ஜூனில் அடுப்பைத் தூக்கினேன், பலகையின் ஒரு துண்டு கையோடு வந்தது. ஆகஸ்ட் 15 திருவிழா. இடையில் இரண்டு மாதம்.

முதலில் கிரானைட் போடலாம் என்றுதான் நினைத்தேன். குசினி அலங்காரம் செய்கிற ஒரு நிறுவனம் அளவெடுத்து, முற்பணமும் வாங்கிவிட்டு மூன்று வாரம் காணாமல் போனது. பெயர் வேண்டாம், பணம் திரும்பி வந்துவிட்டது. அந்த மூன்று வாரத்துக்குள் சில்லுக்குப் பேரிங் தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே கடை வைத்திருக்கும் அண்ணன், பேச்சுவாக்கில் கிரானைட் என்று கேட்டதும் பேரிங்கைக் கீழே வைத்துவிட்டார். மேசையின் அளவைக் கேட்டார். 4 அடி 2 அங்குல நீளம், 17 அங்குல அகலம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 20 மில்லிமீட்டர் கிரானைட் என்றால் கிட்டத்தட்ட 30 கிலோ. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டும் போமிக்காவும் என்றால் 5 கிலோவுக்குள். “ஒரே ஒரு அச்சு. குசினியோ ஒரு பக்கத்தில. பத்து வயசுப் பிள்ளையை அந்தப் பக்கத்து யன்னல்ல நிரந்தரமா உட்கார வைக்கப் போறீங்களா?” என்றார். அண்ணா, அன்றைக்கு உங்களிடம் பேரிங்கைக்கூட வாங்காமல் கோபித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் வந்து வாங்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பலகைக்குப் பழைய சோனகத் தெரு. அங்கே கடைக்கார நானாவிடம் பிளைவுட்டில் பாதிப் பலகை கேட்டேன், 4 அடிக்கு 4 அடி. “நீளம் எவ்வளவு சொன்னீங்க?” 4 அடி 2 அங்குலம் என்றேன். “அந்த ரெண்டு அங்குலத்தை எங்க வைக்கப் போறீங்க?” கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முழுப் பலகையையும் அவர் உடனே விற்கவில்லை. கையகலத் துண்டொன்றைத் தந்து, வீட்டில் ஒரு மணித்தியாலம் கொதிக்க வையுங்கள், ஒட்டு விட்டால் என்னிடம் வாங்காதீர்கள், விடாவிட்டால் வாருங்கள் என்றார். இத்தனை நாள் பலகையைப் பார்த்து, தட்டி, மணந்து வாங்கியிருக்கிறேன், அவித்து வாங்கியது இதுதான் முதல் தடவை. இடியப்பம் அவிக்கிற சட்டியில் பிளைவுட் கொதித்ததைப் பார்த்த என் மனைவிக்கும் இங்கே நன்றி சொல்லவேண்டும். சட்டி மாற்றித் தந்தாயிற்று. பலகை ஒட்டு விடவில்லை.

போமிக்காவின் நிறத்துக்கு வீட்டுக்குள் ஒரு சண்டை. எனக்கு அந்தக் காலத்து பூமராங் கோலம் போட்டது வேண்டும் என்று ஆசை. புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கர் 1950இல் வரைந்தது, பழைய கேரவன் பிரியர்கள் உயிரை விடுவார்கள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: “வெள்ளை. எறும்பு ஊர்ந்தாத் தெரியணும்.”

பழைய மேசையைக் கழற்றத் தொடங்கிய அன்று பக்கத்து வீட்டு மாமா சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இரத்மலானை ரயில் வேலைத்தளத்தில் பெட்டி திருத்தும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் கடைசி ஸ்க்ரூவில் கை வைத்திருந்தேன். “டேய், நில்லு!” என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இவ்வளவு மெல்லிய சுவரை அலுமாரியும் மேசையும்தான் பிடித்து வைத்திருக்கும், முட்டுக் கொடுக்காமல் எடுத்தால் சுவர் வெளியே தள்ளும், புதுப் பலகை பிறகு பொருந்தாது என்றார். இரண்டு சட்டங்களை அவரே கொண்டுவந்து குறுக்கே அடைத்தார். போமிக்கா முதலில் வந்தது மேசைக்கு அல்ல, மின்சார வேலைக்கு என்பதையும் அவர்தான் சொன்னார். மின் காப்புக்குப் போட்ட மைக்காவுக்குப் பதிலாக வந்ததால்தானாம் அந்தப் பெயர். முட்டுக் கொடுத்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னார். நான் சட்டத்தைத் தாங்கிக்கொண்டு கேட்டேன்.

இனி மொரட்டுவை பாஸ், எங்கள் தச்சர். உங்களுக்கு இந்த மடலை உங்கள் மருமகள் வாசித்துக் காட்டுவார் என்று நம்புகிறேன்.

பாஸ் வருவதற்கு முதல் நாள், அவருடைய வேலையைக் குறைப்போம் என்று நானே பலகையை வெட்டினேன். பழைய மேசையைக் கவிழ்த்து, அதன்மேல் மட்டையை வைத்து அளவு எடுத்தேன். கேரவன் சுவர் நேராக இராது, மூலையில் வளையும். அந்த வளைவைப் பொறுமையாக வெட்டி, சிங்குக்கு ஓட்டையும் போட்டு, உள்ளே கொண்டுபோய் வைத்தேன். வளைவு வாசல் பக்கம். சிங்க் இருக்க வேண்டிய இடத்தில் அடுப்பு, அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. இரவு நித்திரை இல்லை. காலையில் பாஸ் வந்ததும், பலகை பழுது, நானாவிடம் போய் இன்னொன்று எடுத்து வருகிறேன் என்று ஓட்டோவைக் கூப்பிடப் போனேன். பாஸ் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எப்பா மாத்தயா” என்றார், வேண்டாம் ஐயா என்று. பலகையைத் தூக்கிப் புரட்டிப் போட்டார். சரியாகப் பொருந்தியது.

போமிக்கா இன்னும் ஒட்டவில்லையே, எந்தப் பக்கம் மேலே இருந்தால் என்ன! ஒரு இரவு முழுக்க எனக்கு அது தோன்றவில்லை. பாஸ் இதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதற்கும் தனியாக நன்றி.

ஒட்டும் வேலையைக் கிட்ட இருந்து பார்த்ததில் நான் படித்தது அதிகம். மஞ்சள் பசையைப் பலகையிலும் பூச வேண்டும், போமிக்காவின் பின்புறத்திலும் பூச வேண்டும். பூசியதும் ஒட்டக்கூடாது. விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை சும்மா இருக்க வேண்டும். காய்ந்த பிறகு இரண்டும் ஒரு தரம் தொட்டால் தொட்டதுதான், ஒரு நூல் நகர்த்த முடியாது. அதனால் பாஸ் அம்மாவின் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, பலகையின் மேல் வரிசையாகப் பரப்பினார். ஈர்க்கின்மேல் போமிக்காவை வைத்து, நாலு பக்கமும் சரிபார்த்து, நடுவிலிருந்து ஒவ்வொரு ஈர்க்காக உருவி, சோடாப் போத்தலால் வெளிப்பக்கம் நோக்கி உருட்டிக்கொண்டே போனார். காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லை. இடையில் மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்த அம்மா தீப்பெட்டியோடு உள்ளே வர, பாஸ் எழும்பி ஓடிப்போய் வாசலை மறித்தார். அந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். அன்றைக்கு மாதா ஒரு மணித்தியாலம் இருட்டில் இருந்தார்.

மோதரை மீன்பிடித் துறைமுகத்தில் படகு திருத்தும் தம்பிக்கு: நீ தந்த எபொக்சிப் பசையின் மிச்சம் சிங்க் ஓட்டையின் ஓரத்துக்கு மட்டுமட்டாகக் காணுமாக இருந்தது. “தண்ணி மேலால போகாது அண்ணே, வெட்டின ஓரத்தாலதான் போகும்” என்று நீ சொல்லியிராவிட்டால் அந்த ஓரத்தைச் சிலிக்கனால் மூடிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்திருப்பேன். கறல் பிடிக்காத ஸ்க்ரூக்களுக்கும் காசு வாங்க மறுத்தாய். அடுத்த முறை பார்ப்போம்.

காஸ் கொண்டுவரும் தம்பியோடு மட்டும் எனக்கு உண்மையாகவே வாக்குவாதம் வந்தது. அடுப்புக்குக் கீழே தரையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதால் எலியும் கரப்பானும் வருகிறது, புது மேசையோடு சேர்த்து அதையும் அடைக்கப் போகிறேன் என்றேன். சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டு, நான் “சரி” என்று சொல்லும்வரை அவன் போகவில்லை. காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழேதான் தேங்கும், வெளியே போக அந்த ஒரு வழிதான் உண்டு. 2021 கடைசியில் வீடு வீடாக அடுப்புகள் வெடித்ததை மறந்துவிட்டீர்களா என்று கேட்டான். இப்போது அந்த ஓட்டையில் கம்பி வலை அடித்திருக்கிறேன். காஸ் போகும், எலி வராது.

பழைய மேசையில் அம்மா நாற்பது வருடம் காய் வெட்டிய தழும்புகள் இருந்தன. அதுவும் அப்பா தன் கையால் போட்ட பலகை. ஒரு துண்டை வெட்டிச் சட்டம் போட்டு வைப்போமா என்று அம்மாவிடம் கேட்டேன். “குனிஞ்சு குனிஞ்சு முதுகு போனதுதான் மிச்சம். உங்கப்பா தன் உயரத்துக்குப் போடாம யாருடைய உயரத்துக்குப் போட்டாரோ. எறிஞ்சிடு” என்றார். புதிய மேசையை 2 அங்குலம் உயர்த்தினோம், யன்னல் அதற்கு மேல் விடவில்லை. மடுவில் பத்து நாளும் அம்மாதான் சமைத்தார்.

ஒருவர் மட்டும் பாக்கி. பலகையைப் பழைய சோனகத் தெருவின் நெரிசலுக்குள்ளால் தலையில் சுமந்து லொறி வரைக்கும் கொண்டுவந்த நாட்டாமி ஐயா. என்னிடம் சில்லறை இருக்கவில்லை, “பிறகு தாங்க தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த சுமைக்குப் போய்விட்டார். இரண்டு தரம் போய்த் தேடினேன், ஆளைக் காணவில்லை. நீலச் சாரம், காதோரம் நரைத்த தலை, இடது கையில் பச்சை குத்திய வேல். காசை நானாவின் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். கண்டால் சொல்லுங்கள். பிளைவுட் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, தேவைப்பட்டவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். அவித்துப் பார்த்த பலகை.