கொட்டகைக் கிணறு: திருப்பணி நிறைவு அறிக்கை

மன்றத்து உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆடிப்பெருக்கன்று தேங்காய் உடைத்துத் தொடங்கிய வேலை தை மாதக் கடைசியில் முடிந்தது. கார்த்திகை தீபத்துக்குள் முடித்துத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். தள்ளிப்போனதற்கு மழைமேல் பழி போடலாம். ஆனால் தப்பு எங்களுடையது.

வேலூர் சத்துவாச்சாரியில் நம் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் உறைக்கிணறு தெருவுக்கே குப்பைத்தொட்டியாகக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். தூர் வாரியபோது மூன்று பிளாஸ்டிக் குடம், கிரிக்கெட் ஸ்டம்ப் ஒன்று, வருஷா வருஷம் சதுர்த்தி முடிந்து போட்ட களிமண் பிள்ளையார்களின் சேறு, ஒரு ஆட்டுக்கல் குழவி எல்லாம் வந்தன. குழவி எங்கள் வீட்டுடையது என்று ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். மேலே வெடித்திருந்த நான்கு உறையை மாற்றி, சுற்றிலும் மேடை கட்டி, கம்பி வலை மூடி போட்டாயிற்று. இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அடுத்தது கூரைத் தண்ணீர். நம் கொட்டகைக் கூரை 600 சதுர அடி. 50 மி.மீ. மழை ஒன்று பெய்தால், தெறிப்பதும் கசிவதும் போக 2,500 லிட்டர் இறங்கும். அதை வடிகட்டிக் கிணற்றில் விட ஐந்தடிக் குழி எடுத்தோம். அடியில் கருங்கல், அதற்கு மேல் ஜல்லி, கரி, எல்லாவற்றுக்கும் மேலே மணல். மணலுக்கு அடியில் நைலான் வலை விரிக்கணும், முதல் மழைத் தண்ணியை வெளியே தள்ளத் தனிக் குழாய் வைக்கணும் என்று மேஸ்திரி இரண்டு தடவை சொன்னார். செலவைக் குறைக்கிறோம் என்று இரண்டையும் வேண்டாம் என்றது குழுதான்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி மழை. கூரையில் மாசக்கணக்கில் சேர்ந்த தூசி, புறா எச்சம், வேப்பஞ்சருகு, கூடவே ஜல்லி இடுக்கில் இறங்கிய மணல், கரித்தூள், அத்தனையும் கிணற்றுக்குள். மறுநாள் காலையில் எதிர்வீட்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, கிணத்துல டீ போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

அவரே வீட்டிலிருந்து தேத்தாங்கொட்டை கொண்டுவந்தார். மண்பானையின் உள்பக்கத்தில் சந்தனம் இழைப்பதுபோல் அதைத் தேய்த்து, கலங்கல் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தார். மறுநாள் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல், மேலே தெளிந்த தண்ணீர். நாங்கள் வாயைப் பிளந்தோம். "பானைக்குச் சரி. கிணத்துக்கு எத்தினி கொட்டை தேய்ப்பே?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆகவே குழியை மறுபடி தோண்டி, மேஸ்திரி சொன்ன வலையையும் குழாயையும் வைத்தோம். கிணற்றையும் இறைத்துச் சுத்தம் செய்தோம். இந்தச் செலவு மன்றக் கணக்கில் வராது, குழுவில் இருக்கும் ஏழு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். மேஸ்திரி அண்ணன் இரண்டாம் தடவைக்குப் பாதிக் கூலிதான் வாங்கினார். "நானும் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கணும் சார்" என்றார். அடுத்த வேலைக்கும் அவரைத்தான் கூப்பிடப்போகிறோம்.

இப்போது சுவரோரம் சிவப்பு மூடி போட்ட குழாய் ஒன்று இருக்கிறது. நாள் கணக்கில் காய்ந்த பிறகு மழை வந்தால், யார் அங்கே இருந்தாலும் மூடியைக் கழற்றிப் பத்து நிமிஷம் வெளியே ஓடவிட்டுப் பிறகு மாட்டுங்கள். மணலின் மேல் அரை அடியை வருஷம் ஒருமுறை, ஆனிக்குள், அள்ளி அலசிப் போடவேண்டும்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று குடத்தோடு வந்துவிடாதீர்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பூமி இது. பரிசோதனைக்குக் கொடுத்ததில் நம் கிணற்றின் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, குடிநீருக்கு உகந்த லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பை வேகவைத்தும் பார்த்தோம், ஆறு விசிலுக்குப் பிறகும் பல்லில் கடிபட்டது. செடிக்கும் தரை கழுவவும் மட்டும் வைத்துக்கொள்வோம்.

உரக்குழி இரண்டும் ஓடுகின்றன. ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம், ஃபினாயில் ஊற்றாதீர்கள். ஊற்றியவர் யார் என்று தெரியும், பெயர் போடவில்லை.

பச்சை நிழல்வலையும் கட்டியாயிற்று. அதன் கீழே இலவம்பாடி முள்ளுக்கத்திரி நாற்று விட்டிருக்கிறோம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்துக் காய், நம் வீட்டு மாடித் தோட்டங்களில் இல்லையென்றால் எப்படி? கத்திரி வெயிலுக்கு முன்னால் வேர் பிடித்துவிட வேண்டும் என்பதால் மாசி முதல் ஞாயிறு காலை வீட்டுக்கு ஐந்து நாற்று தருகிறோம். பறிக்கும்போது காம்பு முள் குத்தும், கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கி இருப்பது ராட்டினம் மட்டும். கீச்சென்ற சத்தம் பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்புகிறதாம், எண்ணெய் போட்டும் அடங்கவில்லை. வேறு வாங்கவேண்டும்.

வரவு செலவு நோட்டும் ரசீதுகளும் கொட்டகை ஆணியில் மாட்டியிருக்கின்றன. ஆட்டுக்கல் குழவியை வாங்கிப்போனவர், அது தங்கள் கல்லில் உட்காரவில்லை என்று கொண்டுவந்து வைத்துவிட்டார். உரியவர் எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு