சைப்ரஸின் அயலுறவில் இடம்பெறாத குரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைப்ரஸ் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அணிசேரா இயக்கத்தைத் தொடங்கிய நாடுகளுள் ஒன்று இன்று ஐரோப்பிய ஒன்றியத்தோடும் அமெரிக்காவோடும் நெருங்கி நிற்பதைப் பெரிய கொள்கை மாற்றமாக விவரித்திருந்தது. அந்நாட்டின் நண்பர்கள் மாறியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் தீவு முழுவதற்கும் தானே சட்டப்படியான அரசு என்ற தகுதியைக் காத்துக்கொள்வது என்ற நோக்கம் 1964 முதல் மாறவே இல்லை என்பதைக் கட்டுரை கவனிக்கத் தவறிவிட்டது.

1960இல் விடுதலையின்போது வகுக்கப்பட்ட அரசியலமைப்பின்படி, கிரேக்க சைப்ரஸியரான குடியரசுத் தலைவருக்கும் துருக்கிய சைப்ரஸியரான துணைத் தலைவருக்கும் அயலுறவு, பாதுகாப்பு ஆகிய துறைகளில் தனித்தனியே வீட்டோ அதிகாரம் இருந்தது. அதாவது, இரு சமூகங்களும் சேர்ந்தே வெளியுலகோடு பேச வேண்டும் என்பது ஏற்பாடு. 1963 டிசம்பரில் வெடித்த மோதல்களில் அது சிதைந்தது. துருக்கிய சைப்ரஸியர் அரசில் பங்கேற்பது நின்றுபோனது. 1964 மார்ச்சில் அமைதிப்படையை அனுப்பிய ஐ.நா. பாதுகாப்பு அவையின் 186ஆம் தீர்மானம், குடியரசுத் தலைவரான பேராயர் மக்காரியோஸின் தலைமையில் எஞ்சியிருந்த அரசையே சைப்ரஸ் அரசு என்று ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து தீவின் வெளியுறவுக் கொள்கையில் துருக்கிய சைப்ரஸியருக்குக் குரல் இல்லை.

அங்கீகாரத்தைக் காக்கும் முயற்சியில் தலைநகர் நிக்கோசியாவிலுள்ள அரசு பெற்ற வெற்றியைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1974இல் கிரேக்க ராணுவ ஆட்சியாளர்கள் தூண்டிய கவிழ்ப்பைத் தொடர்ந்து துருக்கி படையெடுத்து, தீவின் வடக்கில் ஏறத்தாழ 37 விழுக்காட்டு நிலத்தைப் பிடித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸியர் வீடிழந்தனர். 1983இல் துருக்கிய சைப்ரஸியர் வாழும் வடக்கு தன்னைத் தனிநாடாக அறிவித்தபோது பாதுகாப்பு அவை 541ஆம் தீர்மானத்தின் மூலம் அதைச் செல்லாது என்றது. இன்றுவரை துருக்கியைத் தவிர எந்த நாடும் அதை ஏற்கவில்லை. 2025 ஏப்ரலில் சமர்கண்டில் நடந்த மாநாட்டில், துருக்கியோடு மொழியாலும் பண்பாட்டாலும் நெருங்கிய கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் உள்ளிட்ட மத்திய ஆசிய நாடுகள்கூட ஐரோப்பிய ஒன்றியத்துடன் சேர்ந்து அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தன. பத்து லட்சத்துக்கும் குறைவான மக்களின் பிரதிநிதிகள் இதைச் சாதித்திருப்பது அரிய செயல்.

ஆயினும் இதற்குக் கொடுத்த விலையை யாரும் பேசுவதில்லை என்பதே என் ஆதங்கம். 2004 ஏப்ரல் 24 அன்று அப்போதைய ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் முன்வைத்த, பிரிந்த தீவை மீண்டும் ஒன்றிணைக்கும் திட்டத்துக்குத் துருக்கிய சைப்ரஸியரில் 65 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்தனர். கிரேக்க சைப்ரஸியரில் 76 விழுக்காட்டினர் எதிர்த்தனர். துருக்கிப் படையில் ஒரு பகுதியும் தீவில் தலையிட இடமளிப்பதாகத் துருக்கி கருதும் உத்தரவாத உரிமையும் தொடர இடமிருந்த திட்டத்தைக் கண்டு, 1974ஐ அனுபவித்தவர்கள் அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே வாரத்தில், மே 1 அன்று, மறுத்த தரப்பு ஒன்றியத்தில் உறுப்பினரானது; ஏற்ற தரப்பு வெளியே நின்றது. அவர்களின் தனிமையைப் போக்க அதே ஆண்டில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்த நேரடி வணிக விதிமுறை, சைப்ரஸின் எதிர்ப்பால் இன்னும் நிறைவேறவில்லை. வடக்கின் துறைமுகத்தில் நேரடியாகச் சரக்கு ஏற்றினாலே அது அங்கீகாரமாகிவிடும் என்ற அச்சமே காரணம். விளைவு என்ன? நாணயம் துருக்கிய லிரா. 2015 முதல் குடிநீரும் கடலடிக் குழாய் வழியே துருக்கியிலிருந்து வருகிறது. துருக்கித் தலைநகர் அங்காராவின் பிடியைத் தளர்த்த விரும்பும் அரசு, தன் மக்களில் ஒரு பகுதியை அங்காராவை நோக்கியே தள்ளுகிறது.

இதில் நமக்கும் தொடர்பு உண்டு. தளபதி திம்மய்யா 1965இல் சைப்ரஸில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியிருந்தபோதே காலமானார். 1974 போரின்போது அப்படையை வழிநடத்திய பிரேம் சந்தும் இந்தியரே. 2025 ஜூனில் நம் பிரதமர் அங்கு சென்றபோது நம் நாளேடுகள் துருக்கிக்கு விடுக்கப்பட்ட செய்தியாக மட்டும் அதைப் படித்தது எனக்கு வருத்தமளித்தது.

2025 அக்டோபரில் வடக்கில் நடந்த தலைவர் தேர்தலில் இரு நாட்டுத் தீர்வை வலியுறுத்தியவர் தோற்று, கூட்டாட்சியை ஆதரிக்கும் துஃபான் எர்ஹுர்மான் வென்றிருக்கிறார். வடக்கிலுள்ள ஃபமகுஸ்தா துறைமுகத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் மேற்பார்வையில் திறப்பது, ஈடாக அந்நகரில் 1974இல் கிரேக்க சைப்ரஸியர் விட்டுச்சென்ற வரோஷா பகுதியை ஐ.நா.விடம் ஒப்படைப்பது என்ற பழைய யோசனையை நிக்கோசியா இப்போது மீண்டும் கையிலெடுக்க வேண்டும். 541ஆம் தீர்மானம் நடப்பில் இருக்கும்வரை அதனால் அங்கீகாரம் போய்விடாது.

தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி