கோமதிக்கு, ப்ராக்டரைப் பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து, கைப்பிடியைப் பிடிக்காமல் கல்லூரி மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மருமகளுக்குத் தென்காசிக்கு மாற்றல் ஆகிவிட்டதால் பேரன் என்னோடுதான் இருக்கிறான். அவனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட பிறகுதான் எனக்குப் பொழுதே விடிகிறது.

மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். 1692-இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனியக் குற்றம் சாட்டிப் பலரைத் தூக்கிலிட்ட வழக்குகளை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய 'தி க்ரூசிபிள்' நாடகத்தை மாணவிகளுக்கு நடத்துவதாகச் சொல்லிவிட்டு, அதன் நாயகன் ஜான் ப்ராக்டருக்கு மூன்றே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாயே, அதை என்னால் சும்மா விட முடியவில்லை. "மனைவி பிள்ளைத்தாய்ச்சி. வீட்டில் மூன்று பையன்கள். சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டு ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். தன் பெயர்தான் பெரிது என்று தூக்கில் தொங்கியவனிடம் என்ன பெருந்தன்மை இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நாடகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அவன் சுயநலக்காரன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அதைத் தவறான இடத்தில் தேடுகிறாய்.

இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தைப் பார். வயலிலிருந்து வந்த ப்ராக்டர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கணப்பில் இருக்கும் பாத்திரத்தை வெளியே இழுத்து, கரண்டியால் ருசி பார்க்கிறான். திருப்தியில்லை. அலமாரியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் போடுகிறான். மாடிப்படியில் மனைவி எலிசபெத்தின் காலடிச் சத்தம் கேட்டதும் பாத்திரத்தை உள்ளே தள்ளிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் கை கழுவப் போகிறான். பிறகு அவள் பரிமாறுகிறாள். முயல்கறி நல்ல பக்குவம் என்று அவன் பாராட்டுகிறான். கவனமாகச் செய்தேன் என்று அவள் முகம் சிவக்கிறது. அவன் கள்ள உறவு வைத்திருந்த வேலைக்காரப் பெண் அபிகேலை வேலையிலிருந்து நிறுத்தி ஏழு மாதமாகிறது. மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்ற தவிப்பு அவனிடம் மெய்யாகவே இருக்கிறது. ஆனால் உப்புக் குறைவு என்ற சின்ன உண்மையைக்கூட அவளிடம் சொல்லும் உரிமையை அவன் இழந்துவிட்டான். அந்த மனிதனை மில்லர் இந்த ஒரு சிட்டிகை உப்பிலேயே காட்டிவிட்டார் என்பேன்.

அடுத்து நடப்பதுதான் நீ தேடும் சுயநலம். ஊர்ப் பெண்கள் காட்டில் ஆடியதற்கும் சூனியத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அபிகேல் அவனிடம் சொல்லியிருக்கிறாள். சேலத்துக்குப் போய் அதைச் சொல் என்று எலிசபெத் மன்றாடுகிறாள். அவன் இழுத்தடிக்கிறான். அபிகேல் அதைச் சொன்னபோது இருவரும் தனியாக இருந்தார்கள், அதுதான் காரணம். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவன் தயங்கியதற்கு விலை, அபிகேலின் குற்றச்சாட்டால் அன்றிரவே மனைவியின் கையில் விழுந்த சங்கிலி. அதற்குச் சற்று முன்புதான் பாதிரியார் ஹேல் பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கச் சொல்கிறார். ஒன்பதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னவனுக்குப் பத்தாவது வரவில்லை. 'விபசாரம், ஜான்' என்று எலிசபெத் எடுத்துக்கொடுக்கிறாள். அந்த இடத்தை வகுப்பில் நீயே சத்தமாக வாசித்துக் காட்டு. மாணவிகளுக்கு விளக்கம் தேவைப்படாது.

இதே மனிதன் நீதிமன்றத்தில் வேறு ஆளாக நிற்கிறான். உன் மனைவி கர்ப்பமாக இருப்பதாகச் சொல்கிறாள், பிரசவம் வரை அவளைத் தூக்கிலிட மாட்டோம், இந்த வழக்கை விட்டுவிடுகிறாயா என்று நீதிபதி டான்ஃபோர்த் கேட்கிறார். அப்போதே அவன் வீடு திரும்பியிருக்கலாம். என் நண்பர்களின் மனைவிமார்களும் உள்ளே இருக்கிறார்களே என்று நின்றுவிட்டான். பிறகு, இத்தனை நாள் மூடி மறைத்த பாவத்தைத் தன் வாயாலேயே சபையில் போட்டு உடைக்கிறான். பொய்யே சொல்லத் தெரியாத எலிசபெத் அவன் மானத்தைக் காக்க, அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று வாழ்நாளின் ஒரே பொய்யைச் சொல்லி, அதனாலேயே அவனை மூழ்கடிக்கிறாள்.

ஆனால் ப்ராக்டர்மேல் எனக்கு ஒரு பெரிய வழக்கு உண்டு. நீ அதைத் தொடவே இல்லை. அபிகேல் அவன் வீட்டு வேலைக்காரப் பெண். பெற்றோர் கொல்லப்பட்டதைக் கண்ணால் பார்த்த அனாதை. நாடகத்தில் அவளுக்குப் பதினேழு வயது, அவனுக்கு முப்பதைத் தாண்டிய நடுவயது. மனைவிக்குச் செய்த துரோகத்துக்காக அவன் உருகுகிறான், கடவுளுக்கு முன் கூசுகிறான். அந்தப் பெண்ணுக்கும் ஒரு கடன் இருக்கிறது என்று ஒரு கணம்கூட அவனுக்குத் தோன்றவில்லை. சபையில் வேசி என்று அழைக்கிறான், அவ்வளவுதான். அவள் செய்த கொடுமைகளை நான் நியாயப்படுத்தவில்லை. அவள் பொய்யால் கயிறேறியவர்கள் பலர். ஆனாலும் இந்தக் கணக்கை ப்ராக்டரும் தீர்க்கவில்லை, மில்லரும் தீர்க்கவில்லை. நிஜ வரலாற்றில் 1692-இல் அபிகேலுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதுதான். ப்ராக்டர் அறுபதை ஒட்டிய மனிதர். அவர்களுக்குள் அப்படி ஓர் உறவு இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. அவள் வயதைக் கூட்டி அந்த உறவைக் கற்பித்தவர் மில்லர். அப்படியிருக்க, அவளுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கடைசி அங்கத்தில், தானும் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் இருக்கும் அவன் முதலில் உயிரைத்தான் தேர்ந்தெடுக்கிறான். ஒரு புனிதனைப்போல் தூக்குமேடை ஏறினால் அது மோசடி, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று மனைவியிடம் சொல்கிறான். எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் பிடித்த இடம் இது. தியாகி பட்டம் கையருகே இருக்கும்போது, தனக்கு அதற்குத் தகுதியில்லை என்று கூச்சப்படுபவனைப் பெயருக்கு அலைந்தவன் என்று எப்படிச் சொல்வாய்? எலிசபெத்தும் அவனை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளவில்லை. நான் அன்பில்லாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று தன் பங்கைச் சொல்லிவிட்டு, முடிவை அவனிடமே விடுகிறாள்.

அவன் பொய்யாக ஒப்புக்கொள்கிறான். தூக்குக்குக் காத்திருக்கும் மூதாட்டி ரெபெக்கா நர்ஸ் அம்மையாரை அழைத்துவந்து அதைக் கேட்க வைக்கிறார்கள். யார் யாரைச் சாத்தானோடு பார்த்தாய் என்று கேட்கும்போது, என் பாவத்தைத்தான் சொல்வேன், பிறரை நியாயந்தீர்க்க மாட்டேன் என்கிறான். கையெழுத்தும் போடுகிறான். அந்தக் காகிதத்தைத் தேவாலயக் கதவில் அறையப்போகிறார்கள், அதுவும் மற்றவர்கள் மௌனமாகத் தூக்கில் தொங்கும் அதே நாளில், என்று உறைத்தபோதுதான் அதைப் பறித்துக்கொள்கிறான். தன் பொய்யை அவனால் சுமக்க முடியும். அது மற்றவர்களின் மரணத்துக்குச் சாட்சியாவதைத்தான் சுமக்க முடியவில்லை. நீ பையன்களைப் பற்றிக் கேட்டாய். அவனும் அவர்களைத்தான் சொல்கிறான்: நண்பர்களை விற்றுவிட்டு என் பிள்ளைகளுக்கு மனிதர்களாக நடக்க எப்படிக் கற்றுக்கொடுப்பேன்? காகிதத்தைக் கிழித்த பிறகு, தன்னிடம் கொஞ்சம் நல்லது இருப்பது இப்போதுதான் தெரிகிறது என்கிறான். கொடியாக நெய்யும் அளவுக்குப் போதாது, ஆனால் இவர்கள் கையில் அகப்படாத அளவுக்கு வெள்ளை என்கிறான். அந்த அளவோடு அவன் நிறுத்திக்கொள்வதுதான் எனக்கு அவன்மேல் மரியாதை வரக் காரணம்.

நிஜ ப்ராக்டர் 1692 ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிடப்பட்டார். கர்ப்பிணி என்பதால் எலிசபெத் தப்பினாள். நாடகம் நியூயார்க்கில் மேடையேறியது 1953-இல். மூன்று ஆண்டு கழித்து, அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் கம்யூனிஸ்ட் எழுத்தாளர் கூட்டங்களுக்கு வந்தவர்களின் பெயரைச் சொல்லும்படி மில்லரையே கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. 1957-இல் அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பானது, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் ரத்தானது. இதையும் வகுப்பில் சொல், ஆனால் கடைசியில் சொல். முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் நாடகத்தை வெறும் அரசியல் உருவகமாகப் படித்துவிடுவார்கள், எலிசபெத்தைக் கவனிக்க மாட்டார்கள்.

உன் மாணவிகளில் யாராவது அபிகேலுக்காக வாதாடினால் குறுக்கே பேசாதே. அவள் சொல்வதை அப்படியே எனக்கு எழுதி அனுப்பு. அரையாண்டு விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாயே, தேதியை முன்கூட்டியே சொன்னால் மருமகளையும் அந்த வாரம் வரச் சொல்கிறேன். கால் வலிக்குப் போட்டிருக்கும் மருந்தை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
வசந்தா